நிற்பவர்களுக்கு ஒரு ஸ்டூல்

சென்னையின் புதிய அடுக்குமாடி வீடுகளில் ஸ்டூல் இல்லாத கூடம் இப்போது அரிது. சோபாவை ஒட்டிச் செட்டிநாட்டுத் தேக்கு முக்காலி ஒன்று. அதன் மேல் பித்தளை உருளி, உருளித் தண்ணீரில் நாலைந்து அரளிப் பூக்கள். பால்கனிக் கதவோரம் வெளிர்மரத்தில் வட்டப் பலகையும் வளைந்த மூன்று கால்களுமாக இன்னொன்று. அதன் மேல் மணிபிளான்ட். படுக்கையறையில் மோடா, அதன் மேல் நேற்றுக் கழற்றிப் போட்ட துப்பட்டா. பழையதையும் புதியதையும் கலந்து வையுங்கள் என்று உள் அலங்காரக்காரர்கள் சொல்கிறார்கள். சரியான யோசனைதான். ஒரே கடையில் ஒரே நாளில் வாங்கிய சாமான்களால் நிறைந்த வீட்டில் கண் எங்கேயும் தங்குவதில்லை. நூறு வருஷக் கறுத்த தேக்குக்குப் பக்கத்தில் நேற்றைய வெளிர்மரம் நிற்கும்போது இரண்டுமே துலங்குகின்றன. அந்த அழகு எனக்கும் பிடிக்கும்.

ஆனால் அதே வீட்டில் அரைமணி நேரம் இருந்தால் வேறொன்று தெரியவருகிறது. எல்லா ஸ்டூல்களிலும் ஏதாவதொரு பொருள் உட்கார்ந்திருக்கிறது. அந்த வீட்டுப் பெண் அடுப்பங்கரையில் நின்றுகொண்டிருக்கிறாள்.

நின்றுகொண்டு சமைப்பது நமக்குத் தொன்றுதொட்ட வழக்கம் இல்லை. நம் அடுக்களை நெடுங்காலம் தரையில்தான் இருந்தது. தரையோடு ஒட்டிய விறகடுப்பு, அதன் முன்னால் ஒரு மணை. காய் நறுக்குவது அரிவாள்மணையில், ஒரு காலை மடக்கி, ஒரு பாதத்தால் பலகையை அழுத்திக்கொண்டு. தேங்காய் துருவுவது, ஆட்டுக்கல்லில் மாவாட்டுவது, முறத்தில் அரிசி புடைப்பது, கீரை ஆய்வது எல்லாம் தரையில் உட்கார்ந்து செய்த வேலைகள். அந்த அடுக்களையை ஏங்கி நினைக்க எனக்கு மனம் வராது. புகை கண்ணை எரித்தது. குனிந்து குனிந்து எழுந்ததில் முதுகு போனது. பல வீடுகளில் மாதத்தில் மூன்று நாள் அதன் வாசலை மிதிக்கக்கூடத் தடை இருந்தது. ஆனாலும் வேலை செய்தவளுக்கு அங்கே உட்கார ஓர் இடம் இருந்தது. பலாமரத்தில் இழைத்த மணை அவளுடைய உடம்பின் அளவுக்குத் தேய்ந்து வழுவழுத்திருந்தது.

பிறகு எரிவாயு வந்தது. 1960களின் நடுவில் இண்டேன் தொடங்கி, அடுத்த இருபது முப்பது ஆண்டுகளில் சிலிண்டர் நகரத்து வீடுகளுக்குள் நுழைந்தது. அடுப்பு சிலிண்டரைவிட உயரத்தில் இருக்க வேண்டும் என்பது பாதுகாப்பு விதி. ஆகவே மேடை கட்டினார்கள். அடுப்பு மேடை ஏறியதும் மிக்ஸியும் ஏறியது. அரிவாள்மணை பரணுக்குப் போய், கத்தியும் நறுக்கும் பலகையும் வந்தன. ஏறக்குறைய அதே காலத்தில்தான் சாப்பாட்டு மேசையும் வந்தது. சாப்பிடுபவர்கள் தரையிலிருந்து நாற்காலிக்கு உயர்ந்தார்கள். சமைப்பவள் மணையிலிருந்து எழுந்தாள். எழுந்தவளுக்கு உட்கார எதுவும் வாங்கப்படவில்லை. தோசை வார்த்து வார்த்துப் போடுவது முன்பும் அவள்தான், ஆனால் இப்போது நின்றுகொண்டு. நம் வீடுகள் கண்ட இத்தனை பெரிய மாற்றத்தை யாரும் மாற்றமாகவே பேசவில்லை என்பது எனக்கு ஆச்சரியமாக இருக்கிறது. மேடை வந்ததைச் சொல்பவர்கள் வசதி வந்ததையே சொல்கிறார்கள்.

இந்த மேடைச் சமையலறைக்கு ஜெர்மனியில் ஒரு மூத்த முன்னோடி உண்டு. 1926இல் மார்கரெட்டே ஷூட்டே-லிஹோட்ஸ்கி என்ற ஆஸ்திரியக் கட்டடக் கலைஞர் பிராங்பர்ட் நகரின் தொழிலாளர் குடியிருப்புகளுக்காக ஒரு சமையலறையை வரைந்தார். அகலம் 1.9 மீட்டர், நீளம் 3.4 மீட்டர். ரயில் உணவுப் பெட்டியின் சமையலறையைப் பார்த்து, ஒரு வேலையிலிருந்து அடுத்த வேலைக்கு எத்தனை எட்டு வைக்க வேண்டும் என்று கணக்கிட்டுப் போட்ட திட்டம் அது. அந்தக் குடியிருப்புகளில் சுமார் 10,000 வீடுகளுக்கு அதைப் பொருத்தினார்கள். உலகெங்கும் உள்ள மாடுலர் கிச்சன்களுக்கு மூலம் என்று அதைச் சொல்வதுண்டு. சுவரோடு ஒட்டிய அலமாரிகள், வரிசையான இழுப்பறைகள், மடித்து இறக்கும் இஸ்திரிப் பலகை எல்லாம் அதில் இருந்தன. இவற்றோடு ஜன்னலடியில் ஒரு வேலைப் பலகையும், அதன் முன்னால் சுழலும் ஸ்டூல் ஒன்றும் இருந்தன. காய் நறுக்குவதும் மாவு பிசைவதும் வெளிச்சத்தில், உட்கார்ந்துகொண்டு நடக்க வேண்டும் என்று அவர் எண்ணினார். ஸ்டூல் திட்டத்தின் ஓர் உறுப்பு. பிறகு கடையில் பார்த்து வாங்கிக்கொள்ளும் சாமான் இல்லை.

இந்தப் பெண்மணி பின்னால் நாஜிகளை எதிர்த்த ரகசிய இயக்கத்தில் சேர்ந்து, 1941இல் வியன்னாவில் பிடிபட்டு, 1945 வரை சிறையில் இருந்தார். நூறு வயதைக் கடந்து, 2000இல் இறந்தார். அவருடைய சமையலறையிலிருந்து அலமாரிகள் மட்டும் நம்மிடம் வந்து சேர்ந்தன. ஸ்டூல் வழியில் எங்கோ இறங்கிவிட்டது. இன்று மாடுலர் கிச்சனுக்கு விலை சொல்லும் எந்தக் கடைக்காரரும் ஷட்டர் என்ன நிறம், கீல் எந்தக் கம்பெனி, சிம்னி எத்தனை அங்குலம் என்று கேட்பார். எங்கே உட்காருவீர்கள் என்று கேட்பவரை நான் இதுவரை பார்த்ததில்லை.

கேட்டாலும் நம் பெண்கள் உடனே சரி என்று சொல்லிவிட மாட்டார்கள். எங்கள் வீட்டில், தஞ்சாவூர்ப் பக்கம், அம்மாவுக்கு முழங்கால் வலி வந்தபோது மேடை ஓரத்தில் உயரமான ஸ்டூல் ஒன்றைக் கொண்டுபோய் வைத்தேன். அம்மா முதலில் அதன் மேல் மாவுப் பாத்திரத்தை வைத்தாள். பிறகு முருங்கைக்கீரைக் கட்டு. "உக்காரத்தாம்மா வாங்கிட்டு வந்தேன்" என்றதற்கு, "உக்காந்துகிட்டா சமைக்கிறது? பாக்குறவங்க என்னடி நினைப்பாங்க?" என்றாள். அவளுடைய மாமியார் மணையில் உட்கார்ந்துதான் ஆயுசு முழுக்கச் சமைத்தாள். அந்த உட்காருதல் வேலையின் பகுதியாக இருந்தது. இந்த உட்காருதல் சோம்பேறித்தனமாகத் தெரிகிறது. ஒரே தலைமுறையில் இப்படி ஆனதற்கு மேடை காரணமா, அதைக் கட்டியவர்களின் மனமா என்று நான் பலமுறை யோசித்ததுண்டு. மனம்தான் என்று தோன்றுகிறது. நிற்பதுதான் அக்கறை, நிற்பதுதான் சுறுசுறுப்பு என்று அவளுக்குச் சொல்லிக் கொடுத்தவர்கள் எல்லாரும் நாற்காலியில் உட்கார்ந்திருந்தவர்கள்.

நவீன ஸ்டூல்களில் எனக்கு மிகவும் பிடித்தது பால்கனிக் கதவோரம் நிற்கிற அந்த மூன்று கால் ஸ்டூல்தான். பின்லாந்தின் கட்டடக் கலைஞர் அல்வார் ஆல்டோ 1933இல் உருவாக்கியது. 'ஸ்டூல் 60' என்று பெயர். இன்று நம் ஊர்த் தச்சர்கள்வரை அதைப் பார்த்துச் செய்கிறார்கள். பின்லாந்தில் மலிவாகக் கிடைப்பது பிர்ச் மரம். ஆனால் தடித்த பிர்ச் கட்டையைச் செங்கோணமாக வளைத்தால் முறியும். ஆல்டோவும் ஓட்டோ கோர்ஹோனன் என்ற மரச்சாமான் தயாரிப்பாளரும் நெடுநாள் முயன்று வழி கண்டார்கள். காலின் மேல்முனையை மரத்தின் இழையோட்டத்திலேயே பல கீற்றுகளாக அறுத்தார்கள். கீற்றுகளின் இடுக்குகளில் மெல்லிய மரத்தகடுகளைப் பசை தடவிச் செருகினார்கள். பிறகு வளைத்தார்கள். வளைவு வேண்டிய இடத்தில் மட்டும் மரம் இளகிக்கொடுத்தது. கீழே கட்டை கட்டையாகவே நின்றது. அப்படி வளைந்த காலை நேரே பலகையின் அடியில் திருகி முடுக்கிவிடலாம். சட்டம் வேண்டாம், குறுக்குக் கட்டை வேண்டாம். ஒன்றின் மேல் ஒன்றாக அடுக்கினால் கால்கள் சுழல் படிபோல் விலகி விலகி ஏறும்.

இந்த ஸ்டூலை அவர் வீப்புரி நகரத்துப் பொது நூலகத்தில் போட்டார். அன்று பின்லாந்தில் இருந்த அந்நகரம் இன்று ரஷ்யாவில் இருக்கிறது. படிக்க வருகிறவர்கள், கூட்டம் கேட்க வருகிறவர்கள் யார் வேண்டுமானாலும் இழுத்துப் போட்டு உட்காரத்தான் அதைச் செய்தார்கள். 1935இல் ஆல்டோ தம்பதியும் நண்பர்களும் தொடங்கிய ஆர்டெக் நிறுவனம் இன்றும் அதே ஸ்டூலைச் செய்கிறது. பள்ளிகளிலும் அலுவலகங்களிலும் உழைத்து ஓய்ந்த பழைய ஸ்டூல்களைத் தேடி வாங்கி, ஹெல்சிங்கியில் ஒரு கடையில் விற்கிறது. பெயின்ட் தெறித்த கறையையும் குழந்தைகள் கீறிய கீறலையும் அழிப்பதில்லை. பழையதும் புதியதும் ஒரே பொருளாக இருப்பதை அங்கே பார்க்கலாம். எண்பது ஆண்டுகள் யார் யாரோ உட்கார்ந்ததால் அது பழையதாயிற்று. யாரும் உட்காராமல் எண்பது ஆண்டு கழிந்திருந்தால் தூசிதான் படிந்திருக்கும்.

நம் நாட்டில் இதே கதை தலைகீழாக நடந்தது. சண்டிகர் நகரத்துக்காக 1950களில் கட்டடக் கலைஞர் பியர் ஜன்னரே வடிவமைத்து உள்ளூர்த் தச்சர்கள் தேக்கிலும் பிரம்பிலும் செய்த நாற்காலிகளும் ஸ்டூல்களும் கல்லூரிகளிலும் அலுவலகங்களிலும் பல்லாண்டு உழைத்தன. கால் ஆடியதும் மொட்டைமாடியிலும் கொல்லையிலும் குவித்தார்கள். அடிமாட்டு விலைக்கு ஏலம் விட்டார்கள். வாங்கிப் போனவர்கள் மெருகேற்றி ஐரோப்பிய, அமெரிக்க ஏலங்களில் லட்சங்களுக்கு விற்றார்கள். 2011இல் மத்திய உள்துறை அமைச்சகம் அவற்றை விற்கவும் வெளிநாட்டுக்கு அனுப்பவும் தடை போட்டது. மாணவர்களும் குமாஸ்தாக்களும் உட்கார்ந்த பலகைகளைப் பணக்காரர்கள் கண்ணாடிச் சுவர் வீடுகளில் உட்காராமல் வைத்திருக்கிறார்கள். அவற்றைச் செய்த தச்சர்களில் ஒருவர் பெயர்கூட அந்த ஏலப் பட்டியல்களில் நான் கண்டதில்லை.

பழைய முக்காலி வேண்டுமென்றால் நமக்குக் காரைக்குடி இருக்கிறது. முனீஸ்வரன் கோவில் தெருக் கடைகளில், இடித்த வீடுகளின் தூண்களுக்கும் கதவுகளுக்கும் பீங்கான் ஜாடிகளுக்கும் நடுவே, எப்படியும் ஒன்று கிடைக்கும். வாங்கும்போது கவிழ்த்துப் பாருங்கள். மேல்பக்கத்தைக் கடைக்காரர் பாலிஷ் போட்டு வைத்திருப்பார். அடிப்பக்கம்தான் உள்ளதைச் சொல்லும். கால் பலகைக்குள் துளையில் இறங்கி, மூங்கில் ஆணியால் இறுகியிருந்தால் நல்லது. அடியில் பளபளவென்று புதுத் திருகாணி தெரிந்தால் எங்கோ பழுது பார்த்திருக்கிறார்கள். சின்னச் சின்னத் துளைகளும், தட்டினால் கொட்டும் மாவுபோன்ற தூளும் இருந்தால் உளுத்துக்கொண்டிருக்கிறது. வீட்டுக் கதவுகளுக்கும் தொற்றும், வேண்டாம். மூன்று காலா நாலு காலா என்பதை வீட்டுத் தரை தீர்மானிக்கும். மூன்று கால் எந்தத் தரையிலும் ஆடாது. ஆத்தங்குடிக் கல் பதித்த கூடத்துக்கும், சாணி மெழுகிய திண்ணைக்கும் அதுவே பொருத்தம். ஆனால் விளிம்பில் பாரம் விழுந்தால் கவிழும். பரணில் ஏற ஸ்டூல் போடும் பழக்கம் உள்ள வீட்டில் நாலு கால்தான் சரி.

இங்கே பிளாஸ்டிக் ஸ்டூலைச் சொல்லாமல் போவது நியாயமாகாது. அலங்காரப் படங்கள் எதிலும் அது வராது. ஆனால் நம் வீடுகளில் உண்மையாகவே உட்காரப்படுவது அதுதான். டீக்கடையிலும், துக்கவீட்டுப் பந்தலிலும், வாசலில் பூத் தொடுக்கும்போதும் அதுதான். பலகையின் நடுவே உள்ள ஓட்டையில் விரலை விட்டால் தூக்கிக்கொண்டு போகலாம். அடுக்கியவை காற்றுப் பிடித்து ஒட்டிக்கொள்ளாமல் இருக்கவும் அந்த ஓட்டை வேண்டும். அதை மறைத்து வைப்பவர்கள்மேல் எனக்கு வருத்தம் உண்டு.

உட்காராமல் வைக்கப்படும் ஸ்டூல்களில் மதிப்பு மிக்கது ஒன்று உண்டு. மேற்கு ஆப்பிரிக்காவின் அசாந்தி மக்களுக்குத் தங்க ஸ்டூல்தான் அவர்கள் இனத்தின் ஆன்மா குடியிருக்கும் இடம். அது வானத்திலிருந்து முதல் மன்னர் ஒசேய் டூட்டுவின் மடியில் வந்து இறங்கியது என்பது அவர்கள் மரபு. அரசரும் அதில் உட்காருவதில்லை. அது தரையில் படுவதும் இல்லை. 1900இல் பிரிட்டிஷ் ஆளுநர் பிரெடரிக் ஹாட்ஜ்சன் குமாசிக்கு வந்து, அந்த ஸ்டூலைக் கொண்டுவாருங்கள், நான் உட்கார வேண்டும் என்ற பொருளில் பேசினார். எஜிசுவின் அரசித்தாய் யா அசந்தேவா தலைமையில் போர் மூண்டது. அசாந்திகள் தோற்றார்கள், அவர் சேஷல்ஸ் தீவுக்கு நாடு கடத்தப்பட்டு 1921இல் அங்கேயே இறந்தார். ஸ்டூல் மட்டும் ஆளுநர் கையில் அகப்படவில்லை. சாதாரண வீட்டிலும் ஒருவருடைய ஸ்டூல் அவருடைய உயிரோடு சேர்ந்தது என்பது அங்குள்ள நம்பிக்கை. எழுந்து போகும்போது அதைப் பக்கவாட்டில் சாய்த்து வைப்பார்கள், வேறு ஆவி எதுவும் வந்து உட்காராமல் இருக்க. அத்தகைய ஸ்டூல்களின் நகல்களை இன்று உலகமெங்கும் சோபாவின் பக்கத்தில் விளக்கு வைக்க விற்கிறார்கள். அசாந்திகளிடம் அந்த வெற்றிடம் ஒரு மரியாதை. நம் கூடத்து முக்காலியில் உருளி வைப்பதை அந்த மரியாதையோடு ஒப்பிட முடியாது.

உட்காருவதும் நிற்பதும் எந்தச் சமூகத்திலும் உடம்பின் வசதிக்காக மட்டும் நடந்ததில்லை. 14ஆம் லூயியின் பிரெஞ்சு அரசவையில் அரசியின் முன்னால் இளவரசிகளுக்கும் டச்சஸ் பட்டம் பெற்ற பெண்களுக்கும் மட்டுமே ஸ்டூல் கிடைத்தது, மற்றவர்கள் நின்றார்கள். அந்த ஒரு ஸ்டூலுக்காகக் குடும்பங்கள் சண்டையிட்டன. நம் அரசு அலுவலகங்களில் அதிகாரியின் கதவுக்கு வெளியே பியூனுக்கு ஒரு ஸ்டூல் உண்டு. முதுகு சாய முடியாத இருக்கை; மணி அடித்ததும் எழ வேண்டும் என்பதை அவருடைய முதுகெலும்புக்கு நினைவூட்டிக்கொண்டே இருக்கும். அதுவும் இல்லாதவர்கள் துணிக்கடைப் பெண்கள். தியாகராய நகர்க் கடைகளில் காலை பத்து மணிக்கு நிற்கத் தொடங்கியவர்கள் இரவு ஷட்டர் இறங்கும்வரை நின்றார்கள். வாடிக்கையாளர் யாரும் இல்லாத மத்தியான வேளையிலும் சுவரில் சாயக்கூடாது. காலில் நரம்புச் சுருட்டல் வந்தவர்கள் அவர்களில் எத்தனையோ பேர்.

கேரளத்தில் இப்படி நிற்பதைக் கேள்வி கேட்டவர்கள் அங்குள்ள பெண்களே. கோழிக்கோட்டு மிட்டாய்த் தெருவில் தையல் வேலை செய்த பி. விஜியும் அவர் தொடங்கிய பெண்கூட்டு அமைப்பும் முதலில் கழிப்பறை கேட்டார்கள், அடுத்து உட்காரும் உரிமை கேட்டார்கள். 2018இல் கேரளம் சட்டத்தைத் திருத்தியது. தமிழ்நாடு 2021இல், 1947ஆம் ஆண்டின் கடைகள் மற்றும் நிறுவனங்கள் சட்டத்தில் 22-அ என்ற பிரிவைச் சேர்த்தது: வேலை நேரம் முழுவதும் நின்றபடி இருக்காமல், வாய்ப்புக் கிடைக்கும்போது உட்கார எல்லா ஊழியர்களுக்கும் இருக்கை வசதி தர வேண்டும். ஒரு ஸ்டூலுக்காக ஒரு சட்டம் வேண்டியிருந்தது. கடைக்குள் நுழைந்ததும் அந்த ஸ்டூல் எங்கே இருக்கிறது என்று இப்போதெல்லாம் நான் தேடிப் பார்க்கிறேன். பல கடைகளில் இருக்கிறது. சில கடைகளில் அதன் மேல் சேலைப் பெட்டிகள் அடுக்கியிருக்கின்றன.

அந்தச் சட்டம் வீட்டு வாசலோடு நின்றுவிடுகிறது. கடைப் பெண்ணுக்காகப் பரிதாபப்படும் நாம், நம் வீட்டில் பாத்திரம் தேய்க்க வரும் அக்கா காபி குடிப்பது எங்கே என்று பார்க்க வேண்டும். பின்கட்டுப் படியில், அல்லது வாஷிங் மெஷின் பக்கத்தில் தரையில். டம்ளர் தனி. கூடத்தில் ஐந்து ஸ்டூல் இருக்கும். ஒன்றும் அவருக்கு இல்லை. "உக்காருங்கக்கா" என்று சொன்னால் மட்டும் போதாது. அவர் உட்கார மாட்டார், "இருக்கட்டும்மா" என்பார். இத்தனை வருஷம் எத்தனையோ வீடுகளில் பழகிய பயம் அது. அவர் வேலை செய்யும் இடத்திலேயே, கைக்கு எட்டும் தூரத்தில், மேலே எந்தப் பொருளும் இல்லாமல் ஒரு ஸ்டூல் தினமும் கிடக்க வேண்டும். கேட்டு வாங்கிக்கொள்ளும் நிலைமை அவருக்கு வரக்கூடாது. கூடத்து ஸ்டூலைவிட மட்டமானதாகவும் அது இருக்கக்கூடாது.

சமையலறை ஸ்டூலுக்கு உயரம் முக்கியம். சாதாரண ஸ்டூல் 45 சென்டிமீட்டர் உயரம். 85 சென்டிமீட்டர் மேடைக்கு முன்னால் அதில் உட்கார்ந்தால் தோள் வலிக்கும். மேடையைவிட ஓரடி குறைந்த உயரம் வேண்டும். சுமார் 55 சென்டிமீட்டர். பாதம் தொங்காமல் இருக்கக் கீழே குறுக்குக் கட்டை வேண்டும். இதைத் தேக்கிலோ வேம்பிலோ பூவரசிலோ எந்தத் தச்சரும் செய்து தருவார். இவ்வளவு செய்தும் பெரும்பாலான வீடுகளில் உட்கார முடியாது. மேடைக்கு அடியில் முழுக்க அலமாரியும் சிலிண்டரும் அடைத்திருப்பதால் முழங்காலை நுழைக்க இடம் இருக்காது. பக்கவாட்டில் திரும்பித்தான் உட்கார வேண்டும், பத்து நிமிஷத்தில் இடுப்பு பிடித்துக்கொள்ளும். ஜன்னல் பக்கமாக மேடைக்கு அடியில் இரண்டடி அகலம் காலியாக விட வேண்டும். அவ்வளவுதான் தேவை. வரைபடம் போடும்போதே அதைப் பென்சிலால் குறித்துவிட்டு, மிச்ச இடத்தில் அலமாரிகளை வரையச் சொல்லுங்கள். இழுப்பறைகள் இரண்டு குறையும், குறையட்டும். பிறகு பார்த்துக்கொள்ளலாம் என்று விட்டால், கிரானைட் பதித்துவிட்டு மேஸ்திரி சொல்வார்: "முன்னாடியே சொல்லியிருக்கலாமேம்மா. இனி ஒடைக்கத்தான் வேணும்."